அப்பாவின் குளிசை நேரம்

அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2009 போரைத் தாண்டி வந்த உடம்புகள். நடுங்காமல் என்ன செய்யும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. அம்மாவும் அப்படியே நம்பியிருந்தார். எனக்குச் சந்தேகம் தந்தது நடுக்கம் அல்ல. வயல் வரம்பில் அவர் நடக்கும்போது இடது கை வழக்கம்போல வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கமநல சேவை நிலையத்தில் உரப் படிவத்துக்கு வைத்த கையொப்பமும் போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்துகள் வெறும் கோடாகியிருந்தன.

கிளிநொச்சியில் பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில் நரம்பியல் வைத்தியரிடம் போனோம். அவர் அப்பாவின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், விறாந்தையில் நடந்து திரும்பச் சொன்னார். மடியில் சும்மா வைத்திருந்த கை நடுங்கியது. தண்ணீர்ப் போத்தலை எடுக்க நீட்டியதும் அடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையாம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அப்பா சாரத்தை விலக்கித் தொடையைக் காட்டினார். முள்ளிவாய்க்காலில் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உலோகத்தோடு அந்தக் காந்தத்துக்குள் அனுப்ப முடியாது என்பதால், வேறு கோளாறு இல்லையென்று பார்க்க சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தார்கள்.

"சண்டையால் வந்ததா, டொக்டர்?" என்று அப்பா கேட்டார். உடம்பின் அசைவுகளுக்கு வேண்டிய டொப்பமின் என்ற இரசாயனத்தை மூளையில் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வருவது, ஏன் அழிகின்றன என்று பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. யாரையாவது குற்றம் சொல்ல ஆயத்தமாக வந்தவருக்கு அது போதவில்லை.

மூளையில் டொப்பமினாக மாறும் லெவோடோப்பாவும் அதற்குத் துணையான கார்பிடோப்பாவும் சேர்ந்த குளிசை தந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் குளிசையின் நேரத்துக்குத்தான் எரிகிறது. புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அப்பாவோ காலைப் புட்டுக்கு முதல்நாள் மீன்குழம்பு கேட்பவர். மீனை நிறுத்தத் தேவையில்லை. குளிசை போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் சரி. இதை அம்மாவுக்கு விளங்கவைப்பதுதான் பெரும்பாடு. வெறும் வயிற்றில் மருந்து கொடுப்பது பாவம் என்பது அவருடைய சட்டம். முதலில் குமட்டல் வேறு இருந்ததால் அவர் பக்கம் நியாயம் சேர்ந்துவிட்டது. வைத்தியரைக் கேட்டு, சில நாள்களுக்கு ஒரு பிஸ்கட்டோடு கொடுத்துச் சமாளித்தோம்.

குமட்டல் என்றதும் ஓடிப்போய்க் கடையில் மருந்து வாங்காதீர்கள். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் டொப்பமினின் வேலையை மறிப்பது. நடுக்கமும் இறுக்கமும் கூடும். அந்தப் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் 'கொடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 2022இல் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. முடிகிற வரை பார்த்திருக்காமல் முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம்.

வைத்தியம் சொல்ல ஆள்களுக்குக் குறைவில்லை. சுவிஸில் இருக்கும் அண்ணன் கிழமைக்கொரு காணொளி அனுப்புகிறார். பூனைக்காலி விதையை இடித்துக் குடிக்கச் சொன்னார் ஒரு சித்தப்பா. அதை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த விதையில் லெவோடோப்பா உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் பயம்: கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும், குளிசையோடு சேர்ந்தால் மிஞ்சும்.

வீட்டில் செய்தவை சிறியவை. கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியில் கைபிடிக்கக் குழாய் நட்டோம், இரவு முழுக்க ஒரு மின்குமிழ் எரிகிறது. சாரத்தைச் செருக விரல் ஒத்துழைக்காத நாள்களுக்கு இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்தாயிற்று. சட்டைப் பொத்தானை அம்மா பூட்ட வந்தால் மட்டும் சண்டை வரும். "நான் என்ன குழந்தையா?" என்பார். நேரம் எடுத்தாலும் அவரே பூட்டட்டும் என்பது என் கட்சி.

இப்போது வழக்கு காலபோக விதைப்பைப் பற்றியது. அப்பா இறங்கியே தீருவேன் என்கிறார். உடற்பயிற்சி வேண்டும் என்று வைத்தியரே சொன்னதை எனக்கெதிராகவே எடுத்து வீசுகிறார். ஈர வரம்பில் தனியே போவதில்லை, மத்தியானக் குளிசை சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் சம்மதித்திருக்கிறார். உழவு இயந்திரத்தைத் தொடக் கூடாது என்ற மூன்றாவது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.