மொட்டை இல்லாத படம்

வேளாங்கண்ணிக்குப் போய்வருகிற கத்தோலிக்கக் குடும்பம் எதுவானாலும், அதன் பழைய படங்களில் ஒரு மொட்டைத் தலையாவது இருக்கும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படித்தான். சந்தனம் பூசிய மொட்டையோடு பெரியப்பா, அப்பா, பிற்பாடு அம்மா மடியில் அழுதபடி நான். பின்னால் பேராலயம், அதுவும் திரைச்சீலையில் வரைந்தது. நிஜக் கோவில் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஸ்டுடியோவுக்குள் போய்ச் சீலைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்!

படங்களைப் பிரித்து அடுக்க அத்தையைக் கூட வைத்துக்கொண்டேன். யார் எவர் என்று சொல்ல இப்போது அவர்தான் இருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நேர்ச்சை. பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை தெளிந்தது, சித்திக்குப் பிள்ளை பிறந்தது, அப்பாவுக்கு வேலை கிடைத்தது. கேட்டது நடந்தால் மொட்டை, மெழுகுவர்த்தி, அப்புறம் ஒரு படம்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. வெட்டவெளியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோவில் பக்கவாட்டில் தெரிகிறது. 1975-இல் பின்புறம் கட்டி முடித்த இரண்டடுக்குக் கட்டடம் இல்லை. ஆக, அதற்கு முந்தைய படம். அத்தை பாவாடை சட்டையில் நிற்கிறார். பாட்டி முந்தானையைக் கையில் சுருட்டி இறுக்கிப் பிடித்திருக்கிறார். விரல் மூட்டுகள் புடைத்துத் தெரிகின்றன. யாருக்கும் மொட்டை இல்லை.

“இது என்ன நேர்ச்சை அத்தை?”

“சின்னத் தம்பிக்குக் காய்ச்சல்னு அம்மா நேர்ந்துக்கிட்டாங்க. அவன் தங்கலை. ஆனா அந்த வருசமும் போனோம்.”

இப்படி ஒரு சித்தப்பா இருந்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை அங்கே நிற்க இடம் கிடைக்காது. அதனால் பிப்ரவரியில், ஒரு வாரநாளில் போனோம். மாதா குளத்திலிருந்து பேராலயம் வரை மணல் பாதை. பால்காரச் சிறுவனிடம் மாதா தன் குழந்தைக்குப் பால் கேட்டதாகச் சொல்லும் இடம் அந்தக் குளம்தான். நேர்ந்துகொண்டவர்கள் முழங்காலிலேயே நகர்ந்து போகிறார்கள். அத்தைக்கு மூட்டுவலி, செபமாலையை உருட்டியபடி ஓரமாக நடந்தார்.

“அந்த வருசம் பாட்டி இதுல முட்டி போட்டா போனாங்க?”

“ஆமா. நான் பின்னாடியே செருப்பைத் தூக்கிட்டு வந்தேன்.”

காணிக்கைப் பொருட்களின் காட்சியகத்துக்கும் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளியில் கண், கை, கால், தொட்டில், குட்டி வீடு. கூடவே நன்றிக் கடிதங்கள். எனக்கு அங்கே என்னவோ போலிருந்தது. எல்லாமே கேட்டது கிடைத்தவர்கள் வைத்தவை. கிடைக்காமலும் வந்தவர்கள் இங்கே எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்? விவிலியத்தில், தானியேல் நூலில், தீச்சூளைக்கு முன் நின்ற மூன்று இளைஞர்கள், எங்கள் கடவுள் காப்பாற்றுவார், காப்பாற்றாவிட்டாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்று அரசனிடம் சொல்கிறார்கள். அவர்கள் சூளையிலிருந்து உயிரோடு வந்ததைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் ‘காப்பாற்றாவிட்டாலும்’ அவ்வளவாகக் காதில் விழுந்ததில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

படத்தை அங்கே விட்டுவரலாமா என்று கேட்டேன். “எதுக்கு? நம்ம வீட்டுப் படம்” என்று அத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது, பீடத்தையே பார்த்து அவ்வளவு நேரம் என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

“இந்த மூட்டுவலி போகணும்னுதான். போகலைன்னாலும் அடுத்த வருசம் கூட்டிட்டு வா.”