வார்டுக்குள் ஒரு டிபிடி குழு

மனநல வார்டில் டிபிடி (DBT: கொந்தளிக்கும் உணர்வுகளைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை) குழு தொடங்கலாம் என்றால், "பத்து நாளில் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி எதற்கு?" என்கிறார்கள். முழுவதையும் முடிக்க வேண்டியதே இல்லை. இக்கணத்தில் மனம் வைத்தல், வேதனையைத் தாங்குதல், உணர்வுகளைக் கையாளுதல், உறவுகளைப் பேணுதல் என்று அது கற்றுத்தரும் நான்கு திறன்களில் வார்டுக்கு முதல் தேவை வேதனையைத் தாங்குதல். இன்று வந்தவருக்கும் நாளை போகிறவருக்கும் அந்த ஒரு மணி நேரமே முழுப் பாடமாக இருக்க வேண்டும்.

வேதனையைத் தாங்கப் பழக, எங்கள் குழுவில் அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைப்போம். மூச்சை அடக்கிக் குனிந்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தை அமிழ்த்தினால் சற்று நேரத்தில் இதயத் துடிப்பு இறங்கும். (இதய நோயோ உணவுக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்ய விடமாட்டோம்.) கையைக் கீறிக்கொள்ளத் துடித்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு முறை செய்யட்டுமா அக்கா?" என்றாள்.

இந்தச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், 1961இல் தம் 17ஆம் வயதில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனையில் தனியறையில் அடைபட்டுக் கிடந்தவர். 2011இல் அங்கேயே நின்று அதை வெளிப்படையாகச் சொன்னார்.

செவிலியர்களையும் குழுவில் உட்கார வையுங்கள். நள்ளிரவில் நெருக்கடி வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.