எல்லாமே வெள்ளைத் தூள்: தடய அறிவியல் போட்டிக்கு நாங்கள் தயாரான விதம்

மாணவர்களுக்கான தடய அறிவியல் போட்டியின் அமைப்பு எளிமையானது. ஒரு கற்பனைக் குற்றம், சில சந்தேக நபர்கள், அவர்களிடம் கிடைத்ததாகச் சொல்லப்படும் தூள்கள், திரவங்கள், உலோகத் துண்டுகள், பிளாஸ்டிக் துணுக்குகள், இழைகள். ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் என்னவென்று கண்டுபிடித்து, எது யாரோடு பொருந்துகிறது என்று எழுதித் தர வேண்டும். நானும் என் தோழியும் ஓர் அணியாகக் கலந்துகொண்டோம். தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதியைத் தூள்களுக்கே ஒதுக்கினோம். மற்றவற்றில் கண்ணே பாதி வேலையை முடித்துவிடும். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா, சலவை சோடா, ஜிப்சம், போரிக் அமிலம், சோள மாவு என்று வரிசையாக வைத்துப் பாருங்கள், அத்தனையும் வெள்ளை.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் ஒரு பெரிய அட்டவணை போட்டோம். இடது பக்கம் பொருளின் பெயர், எதிரே அது எந்தச் சோதனைக்கு என்ன காட்டும் என்ற விவரம். மனப்பாடம் செய்ய அது நல்லது. ஆனால் போட்டியில் கேள்வி தலைகீழாக வருகிறது: கையில் இருப்பது சோதனை முடிவு, தேட வேண்டியது பெயர். அதனால் அட்டவணையைத் திருப்பி எழுதினோம். அமிலம் விட்டால் நுரைப்பவை எவை, தண்ணீரில் கரையாதவை எவை என்று. பழகுபவர்கள் முதல் நாளே இப்படி எழுதிக்கொள்வது நல்லது என்பேன்.

எங்கள் வரிசை தண்ணீரில் தொடங்கும். குழிகள் உள்ள தட்டில் துளித் தூளைப் போட்டு, காய்ச்சி வடித்த நீரை விட்டுக் கலக்குவோம். கரையாதவை சீக்கிரம் முடிந்துவிடும்: அயோடின் பட்டுக் கருநீலமானால் மாவுச்சத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்தால் கால்சியம் கார்பனேட், இரண்டும் இல்லாமல் கொஞ்சமே கரைந்து கலங்கலாக நிற்பது பெரும்பாலும் ஜிப்சம்.

கரைபவற்றில்தான் சிக்கல். சமையல் சோடாவும் சலவை சோடாவும் அமிலத்தில் ஒரே மாதிரி பொங்கும். நுரை வேகமா மெதுவா என்று பார்த்து முடிவெடுக்கும் அணிகள் உண்டு, அதை நம்பவே கூடாது. தூள் எவ்வளவு நைஸ் என்பதைப் பொறுத்தே வேகம் மாறிவிடும். காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் கரைசலை ஒரு துளி விட்டுப் பாருங்கள். சலவை சோடா அடர்ந்த இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா நிறமே காட்டாது, அல்லது லேசாகச் சிவந்து நின்றுவிடும். இன்னும் உறுதி வேண்டுமா? மெக்னீசியம் சல்பேட் கரைசலைச் சேர்த்தால் சலவை சோடா உடனே வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரிந்து வரும் திடப்பொருள்) தரும். சமையல் சோடா குளிர்ந்த நிலையில் தெளிவாகவே இருக்கும்.

எதற்கும் அசையாத தூள்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அமிலத்துக்கு ஒன்றுமில்லை, அயோடினுக்கு ஒன்றுமில்லை என்றால் பலரும் பதறிப்போய் அடுத்தடுத்து எதையாவது ஊற்றுவார்கள். ‘மாற்றமில்லை’ என்பதும் ஒரு முடிவுதான். அதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து மின்கடத்தும் சோதனை. கரைசல் நன்றாகக் கடத்தினால் உப்பு வகை, கடத்தாவிட்டால் பெரும்பாலும் சர்க்கரை வகை. சர்க்கரை வகையில் குளுக்கோஸ் என்றால், பெனடிக்ட் கரைசலுடன் வெந்நீரில் வைக்கும்போது நீலம் மெல்ல மெல்லப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். சாதாரணச் சர்க்கரையோ நீலமாகவே இருக்கும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், போட்டி தொடங்கியதுமே வெந்நீரைத் தயாராக வைத்துவிடுவோம்.

உப்பு வகைக்கும் போரிக் அமிலத்துக்கும் சுடர்ச் சோதனை, அதாவது தூளைச் சுடரில் காட்டி வரும் நிறத்தைப் பார்ப்பது. அது தோழியின் பொறுப்பு. லித்தியம் கருஞ்சிவப்பு, போரிக் அமிலம் பச்சை, இவற்றில் குழப்பம் வராது. பொட்டாசியம்தான் படுத்தும். கைவிரல் பட்ட கம்பியில் ஒட்டியிருக்கும் சோடியமே போதும், அதன் மஞ்சள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் நிக்ரோம் கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, சுடரில் நிறமே வராமல் போகும் வரை அவள் சுத்தம் செய்வாள். பிறகு தூளைத் தொட்டுச் சுடருக்குள் நீட்டி, கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். மஞ்சள் மறைந்து பொட்டாசியத்தின் ஊதா தெரியும், அதுவும் முதல் ஓரிரு நொடிகளுக்குத்தான். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

உலோகங்களும் பிளாஸ்டிக்கும் எளிது. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், மெக்னீசியம் அமிலத்தில் சீறும், அலுமினியம் மேலே படிந்த ஆக்சைடு கரையும் வரை சும்மா இருக்கும். பிளாஸ்டிக்கிற்கு அடர்த்தி போதும்: பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், பாலிஸ்டைரீன் தண்ணீரில் மூழ்கினாலும் செறிந்த உப்பு நீரில் மேலே வரும், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) இரண்டிலும் மூழ்கும்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகள் ஒத்துப்போகும் வரை பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு கண் அதையே தேடும்.

போட்டியன்று வந்த ஒரு மாதிரி கலவையாக இருந்தது. அயோடினுக்குக் கருநீலம், அமிலத்துக்கு நுரை. அடியில் கரையாத படிவு வேறு. மாவோடு கலந்திருப்பது சமையல் சோடாவா, கால்சியம் கார்பனேட்டா, சலவை சோடாவா? கலவையில் தண்ணீர் விட்டுக் கலக்கி, வடிதாளில் வடித்து, கீழே இறங்கிய நீரில் மட்டும் அமிலம் விட்டோம். அதுவும் நுரைத்தது. கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரைந்து கீழே வராது என்பதால் அது கழிந்தது. மீதி வடிநீரில் பினாப்தலீன் விட்டோம், லேசான சிவப்புக்கு மேல் போகவில்லை. மெக்னீசியம் சல்பேட்டுக்கும் வீழ்படிவு இல்லை. ஆக, சோள மாவும் சமையல் சோடாவும்.

அறிக்கை எழுதும்போது தோழி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். அந்த இரண்டு பொருள்களும் இரண்டாம் சந்தேக நபரிடம் இருந்ததால் அவர்தான் குற்றவாளி என்று எழுத விடவில்லை. எங்கும் கிடைக்கும் பொருள்கள், பலரிடமும் இருக்கலாம். இது அவரோடு பொருந்துகிறது, இதை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்று எழுதினோம். மூன்றாம் நபரை விலக்கியதற்கும் காரணம் கொடுத்தோம்: அவரிடம் இருந்த தூள் பினாப்தலீனில் அடர்ந்து சிவந்தது, மெக்னீசியம் சல்பேட்டுக்கு வெள்ளை வீழ்படிவு தந்தது. அது சலவை சோடா.