கோபம் இருக்கு, போக்கிடம் இல்லை

“இந்தத் தடவை ஓட்டே போடப் போறதில்ல தம்பி.”

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடை அண்ணன், தே தாரிக்கை ஆற்றியபடியே சொன்னார். விலைவாசி, மகனுக்குக் கிடைக்காத மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு) இடம். நியாயமான கோபம்தான்.

“அப்ப எதிர்க்கட்சிக்குப் போடுங்கண்ணே.”

கை அப்படியே நின்றது.

“யாருக்கு, பாஸ் கட்சிக்கா?” பாஸ், எதிரணியில் இருக்கும் இஸ்லாமியக் கட்சி.

2008இல் இதே போன்ற கோபம்தான் அன்றைய ஆளுங்கூட்டணி பாரிசானின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை உடைத்தது. பினாங்கு மாநில ஆட்சியே கைமாறியது. அன்று கோபத்துக்குப் போக்கிடம் இருந்தது.

பாஸ் இருக்கும் பெரிக்காத்தான், 2022 நாடாளுமன்றத் தேர்தலில் 74 இடங்கள் பிடித்த எதிர்க்கட்சிக் கூட்டணி. ஆனாலும் நம் இந்திய மக்களிடம் பேசத் தெரியவில்லை. (தேர்தல் வந்தால் அரிசி மூட்டையோடு வருவார்கள், அது வேறு.) அடுத்த பிரதமர் யார் என்ற இழுபறியே அவர்களுக்குச் சரியாக இருக்கிறது.

அண்ணன் வீட்டில் நான்கு ஓட்டு. அத்தனையும் வீட்டிலேயே தங்கிவிட்டால், அதில் எதிர்க்கட்சிக்கு என்ன பெருமை?