மூன்று எழுத்தையும் வாசிக்கிற கணினி

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் பார்வையில்லாத ஒருவருக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதென்றால், கோவையில் செய்கிற மாதிரி செய்துவிட்டு எழுந்து வந்துவிட முடியாது. வீட்டுப் பேச்சு தமிழ். பள்ளிப் பாடமும் பலருக்குத் தமிழ்வழி. வில்லேஜ் ஆபீஸிலிருந்து வருகிற காகிதம் மலையாளம். விண்டோஸ் மெனு ஆங்கிலம். ஒரே குரலை வைத்துவிட்டுப் போனால் இதில் ஏதோ ஒன்று அவர் காதுக்கு எட்டாமலே போகும்.

திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு என்விடிஏ (NVDA) என்ற மென்பொருள் போதும். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இன்றுவரை இலவசம். பென்டிரைவில் வைத்து ஓட்டும் போர்ட்டபிள் வகை காட்டிப் பழக்க நல்லது. ஆனால் விண்டோஸ் கடவுச்சொல் கேட்கும் திரையில் அது பேசாது. அன்றாடம் புழங்கும் கணினியில் முறையாக நிறுவி, சைன்-இன் திரையிலும் பேசும்படி அமைப்பில் டிக் போட்டுவிடுங்கள். என்விடிஏ கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் இன்சர்ட் விசையை (இதுதான் என்விடிஏ விசை) லேப்டாப்பில் தேடுவது பெரும்பாடு. முதலில் வரும் பெட்டியிலேயே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக்கிக் கொள்ளலாம்.

தமிழ்க் குரலுக்கு விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், தமிழைச் சேர்க்கும்போது டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்சையும் சேர்த்து இறக்குங்கள். 'வள்ளுவர்' என்ற குரல் வரும். பிறகு என்விடிஏ + கன்ட்ரோல் + எஸ் அழுத்தி, விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குரல் கிடைக்கும். மலையாளத்துக்கு என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலே கைகொடுக்கும். இயந்திரக் குரல்தான்; முதல் சில நாள் வேகத்தைக் குறைத்து வையுங்கள், காது பழகிவிடும்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க, என்விடிஏ + கன்ட்ரோல் + பி அழுத்தி 'மலையாளம்' என்று ஒரு புரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) உண்டாக்கி, அதில் மட்டும் ஈஸ்பீக் மலையாளத்தை வையுங்கள். அடுத்து என்விடிஏவின் இன்புட் ஜெஸ்சர்ஸ் பெட்டியில் அந்தப் புரொஃபைலுக்கு வேறெதற்கும் பயன்படாத ஒரு விசைக்கூட்டைக் கொடுங்கள். ஒருமுறை அழுத்தினால் மலையாளம், மறுமுறை அழுத்தினால் பழையபடி தமிழ். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மலையாளப் புரொஃபைல் ஓடும்போது வேகத்தையோ ஒலியையோ மாற்றினால் அது அந்தப் புரொஃபைலில் மட்டுமே பதியும். தமிழுக்குத் திரும்பியதும் 'மாற்றினது போய்விட்டதே' என்று குழம்புவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தானாக மொழி மாற்றும் வசதியும் என்விடிஏவில் இருக்கிறது. ஆனால் அது எழுத்தைப் பார்த்து மாறுவதில்லை; கோப்புக்குள் இருக்கும் மொழிக்குறியைப் பார்த்து மாறுவது. வலைப்பக்கம் செய்கிறவர்கள் தமிழுக்கு டி-ஏ, மலையாளத்துக்கு எம்-எல் என்று அந்தந்தப் பத்தியில் குறித்தால் மட்டுமே வேலை செய்யும். பல பக்கங்களில் அதைக் குறிப்பதே இல்லை. அதனால்தான் புரொஃபைல் வழியை முதலில் சொன்னேன்.

தட்டச்சில் இன்ஸ்கிரிப்ட், தமிழ்99 என்று இரண்டு விசைப்பலகை அமைப்பு உண்டு. தமிழும் மலையாளமும் எழுத வேண்டியவருக்கு இன்ஸ்கிரிப்ட் நல்லது: தமிழ் 'க' இருக்கிற கே விசையிலேயே மலையாளக் 'க'வும் இருக்கும், விரல் ஒருமுறை படித்தால் போதும். ஆந்திர எல்லையில் சித்தூர், திருத்தணிப் பக்கம் தெலுங்கு எழுதுகிறவர்களுக்கும் அப்படியே. ஆனால் இன்ஸ்கிரிப்டுக்கு ஷிப்ட் நிறைய வேண்டும். ஒற்றைக் கையால் தட்டுகிறவருக்குத் தமிழ்99தான் சரி. கிரந்த எழுத்து தவிர மற்றதற்கு ஷிப்ட் அநேகமாகத் தேவையில்லை. இன்ஸ்கிரிப்ட் கட்டாயம் என்றால் ஷிப்டை ஐந்து முறை அழுத்தி, விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தவிடும் ஸ்டிக்கி கீஸ் போடுங்கள். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் அது அணைந்துவிடும் என்று ஒரு அமைப்பு உள்ளே இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உதவிக்கு வருகிறவர் ஷிப்டோடு ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுப் போன பிறகு, ஒற்றைக் கையால் தட்டுகிறவருக்கு எதுவும் ஓடாது.

கேரளப் பள்ளிகளில் இருப்பது உபுண்டு வழி வந்த லினக்ஸ். அங்கே ஆர்க்கா என்ற ஸ்கிரீன் ரீடர், ஆல்ட் + சூப்பர் (விண்டோஸ் விசை) + எஸ் அழுத்தினால் பேசத் தொடங்கும்.

கணினியை இவ்வளவு சரிசெய்தும் வாசிக்கவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் கோப்பில்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா' நம் கண்ணுக்குத்தான் அம்மா. கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும், வேறென்ன செய்யும்? பழைய மலையாள எழுத்துருக்களிலும் இதே கதைதான். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி கொடுக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டிடிபி கடையில் அடித்து வரும் வினாத்தாளும் குறிப்பும் பழைய எழுத்துருவிலேயே வருவது எனக்குப் பெரிய வருத்தம்.

சோதிப்பது எளிது. பிடிஎஃபில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். தமிழாகவே வந்தும் 'கெ', 'கை' போன்றவற்றில் கொம்பு இடம் மாறிக் கிடந்தால், பிடிஎஃப் ஆக்கியபோது வரிசை குலைந்திருக்கிறது. மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி. எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். என்விடிஏ + ஆர், படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் விண்டோஸின் ஓசிஆரைக் கூப்பிடும், அதற்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. டெசராக்ட் என்ற இன்னொரு ஓசிஆர் மென்பொருளுக்கு இரண்டும் தெரியும். 300 டிபிஐயில், பக்கம் சாயாமல் ஸ்கேன் செய்து கொடுங்கள். முத்திரை விழுந்த இடத்திலும் இரண்டு பத்தி ஓடும் பக்கத்திலும் தவறு வரும். தொகையையும் தேதியையும் மட்டும் கண் தெரிந்த ஒருவர் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.