கித்தாக் காட்டில் கேமரா

தோட்டத் தொழிலாளர் ஆவணப்படம் என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து பழைய கஷ்டத்தைச் சொல்வார், பின்னால் புல்லாங்குழல் அழும், இடையிடையே ட்ரோனில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு வந்து போகும். படம் முடிந்த பிறகும் அந்தப் பாட்டி நாற்பது வருஷம் என்ன வேலை செய்தார், கை எப்படி ஓடியது என்பது நமக்குத் தெரியாது. நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் வேலையைப் பிடிக்கட்டும். முகம் தானாக வரும்.

1895இல் லுமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படமே தொழிலாளர்கள்தான்: லியோன் நகரத்துத் தொழிற்சாலை வாசலில் வேலை விட்டு வெளியேறும் கூட்டம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொழிற்சாலை அந்தச் சகோதரர்களுடையது, கேமராவும் அவர்களுடையது. அந்தக் கேமரா வாசலுக்கு உள்ளே போகவில்லை. இங்கே 1946இல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட்டும் அரசாங்கத்தின் கண்தான்.

கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டு விடியுமுன் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரவில் இலை நீரை அதிகம் விடாது, மரத்துக்குள் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏற ஏற அது இறங்கும், பாலும் குறையும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் ஓடும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவை சீவும் பட்டை ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சி உளி உள்சதையில் பட்டால் அங்கே முடிச்சு விழும், திரும்ப வளரும் பட்டை அடுத்த வெட்டுக்கு ஆகாது. இவ்வளவும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. ஒருவருக்கு 500 மரம், 4 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் ஒரு மரத்துக்கு 29 விநாடி. அடுத்த மரத்துக்கு நடப்பதும் அதற்குள்தான்.

அதனால் ஒரு காட்சியையாவது ஐந்து மரம் வரை எடிட்டில் வெட்டாமல் விடுங்கள். இரண்டரை நிமிடம் வரும். நேற்று காய்ந்து ஒட்டிய பாலை இழுத்து எடுப்பது, சீவுவது, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பது, அடுத்த மரத்துக்கு நடப்பது. மூன்றாவது மரத்தில் பார்ப்பவருக்குத் தாளம் பிடிபடும், ஐந்தாவதில் முதுகு வலிக்கும். இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு வைத்து எடிட் செய்தால் இது ஒரு விளம்பரம், அவ்வளவுதான்.

நீங்கள் விளக்கு கொண்டு போக வேண்டாம். உங்கள் வெளிச்சம் கண்ணில் அடித்தால் உளி வழுக்கும். அவருடைய நெற்றி விளக்கே போதும்: லென்ஸ் துளையை எஃப் 2 அளவுக்குத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 சுற்றி வைத்து, வெளிச்சம் விழும் பட்டைக்கு அளவெடுங்கள். சுற்றிலும் கறுப்பாகவே இருக்கட்டும், காடு அப்படித்தான் இருக்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், டியூப் லைட்டும் அப்போதுதான் துடிக்காது. எல்இடி நெற்றி விளக்கு மங்கலாக வைத்தால் படத்தில் கோடு கோடாக விழும். முழு வெளிச்சத்தில் வைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகும்.

ஏர்கான் அறையில் இரவு வைத்த கேமராவை நேரே கித்தா மர நிரைக்குள் கொண்டு போனால் லென்ஸ் முழுக்கப் பனி. துடைத்தாலும் திரும்பப் படியும். ஒரு மணி நேரம் முன்பே, பையைத் திறக்காமல் வெளியே வையுங்கள். டீட் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கை இளக்கும். பூசிய கையைத் துடைக்காமல் கேமராவைத் தொட்டால் ரப்பர் பிடி பிசுபிசுத்துப் போகும்.

மழை பெய்தால் வெட்டு கிடையாது, ஈரப் பட்டையில் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்துவிடும். அந்தக் காலையைப் பேட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது மட்டும் மைக்கைத் திறக்க வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் மாதங்களில் பால் குறையும், அப்போது படப்பிடிப்பு வைக்காதீர்கள்.

இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை அறுக்கிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டுத் ‘தோட்டத் தொழிலாளர்’ என்று தலைப்பு வைப்பது பொய். ஆனால் வேலை பெர்மிட்டில் இருக்கும் ஒருவர் முகம் காட்டினால் என்ன ஆகும் என்பதை அவரிடமே, கணக்கெழுதும் கிராணியோ வேலை வாங்கும் மண்டோரோ பக்கத்தில் இல்லாதபோது, கேளுங்கள். கை மட்டும் போதும் என்றால் கை மட்டும். அறுக்கும்போது கழியின் நீளத்துக்கு மேல் தள்ளி நில்லுங்கள், தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். மட்டையும் குலையும் நினைத்த பக்கம் விழுவதில்லை.

பாட்டு விஷயத்தில் அவசரம் கூடாது. சாவு இல்லாத வீட்டுக்குள், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், “ஆயா, ஒரு ஒப்பாரி பாடுங்க” என்று கேட்டால் மறுப்பார்கள். மறுப்பதுதான் நியாயம். பகலில், வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு மரத்தடியில் கேளுங்கள். முதலில் தாலாட்டு வரும், கேலிப் பாட்டு வரும், மற்றது அவராக மனம் வைத்தால் வரும். உறுமி மேளத்துக்கு நாலைந்து மீட்டர் தள்ளி நின்று ஒலி அளவைக் கீழே இறக்கி வையுங்கள். உச்ச அடியில் சிதைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பிரான்சில் பெசான்சோன் ஊர் நூல் ஆலையில் 1967இல் வேலைநிறுத்தம் நடந்தது. ஆவணப்பட இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் குழு அதைப் படமாக்கி அவர்களுக்கே போட்டுக் காட்டியபோது தொழிலாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், நாங்கள் இப்படி இல்லை என்று. அதிலிருந்துதான் தொழிலாளர்களே கேமரா பிடித்த மெத்வேத்கின் குழு பிறந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் கையில் ஃபோன் இருக்கிறது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக எடுக்க யாரால் முடியும்?

தோட்டம் தனியார் நிலம். மேனேஜரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். திரையிடலுக்கு 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இருக்கிறது. சான்று இல்லாத ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்ட வழக்கில் 2017இல் ஒரு செயற்பாட்டாளருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. சின்ன மண்டபம்தானே என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளியே கொண்டு போகுமுன் படத்தில் வருகிறவர்களுக்கே முதலில் காட்டுங்கள். மின்விசிறிகளை ஓடவிட்டே ஒலியைச் சரிபாருங்கள், நிறுத்தினால் யாரும் உட்கார மாட்டார்கள். தீம்பார், அதாவது வெட்டுக்காட்டு, எண் தப்பு, அது பால் கொட்டாய் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகை என்று திருத்தங்கள் வரும், எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து மரக் காட்சி ஓடும்போது பின்வரிசையில் இருந்து யாராவது சத்தத்தை வைத்தே “உளி மழுங்கிப் போச்சு, தீட்டச் சொல்லு” என்றால், மைக்கை வைத்த இடம் சரி.