வினைச்சொல் கடைசியில் வரும்

நம் கல்லூரி மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் மூன்று வருடமாக என்னிடம் கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கிறான். கிரிக்கெட், பரிசளிப்பு விழா, மதிலேறிக் குதித்துப் படம் பார்க்கப் போன கதை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அது நடந்த இடம் நம் கல்லூரியே அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ என்ற ஊர். ஆனால் நமக்குத் தமிழ் படிப்பித்த பண்டிதர் ஐயாவை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. ஆகவே இதுவும் கல்லூரிக் கதை என்றே குழுவினர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

1989 இல், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஊரை விட்டோம். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்கு ஒருநாள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக இரண்டு பொடியன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அதிலிருந்து நான் எப்படி மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபைக்காரன் ஆனேன் என்பது நீண்ட கதை. அதை எழுதினால் தலைவரின் வாழ்த்துச் செய்தியைப் போலவே அதையும் எல்லோரும் தாண்டிப் போய்விடுவீர்கள். அம்மா, “பிள்ளை வேதக்காரனாகிவிட்டான்” என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. அந்தச் சபையில் தேநீரும் கோப்பியும் விலக்கு. நான் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்த அன்றுதான் விஷயம் முற்றிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. (இப்போது தேநீர் குடிக்கிறேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

அங்கே 19 வயதான ஆண்பிள்ளைகள் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவது வழக்கம். பின்னாளில், 2012 இல், அந்த வயதை 18 ஆக்கினார்கள். எங்கே போவது என்று நாம் கேட்க முடியாது. அப்போதெல்லாம் சபையின் தலைமையகம் இருக்கும் சோல்ட் லேக் சிட்டியிலிருந்து கடித உறை ஒன்று வரும். அதற்குள் இருப்பதுதான் தலையெழுத்து. எனக்குத் தென் கொரியா என்று வந்தது. கொரியாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது 1988 ஒலிம்பிக் மட்டும்.

1995 பெப்ரவரியில் புரோவோவில் உள்ள ஊழியர் பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மெக்சிக்கோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் விசா கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு, சும்மா இருக்கும் நேரத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்கலாமே என்று 1961 இல் பக்கத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வகுப்பு, பிறகு இப்படிப் பெரிய நிலையமாக வளர்ந்தது. செங்கல் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் சுவர் போல எழுந்து நிற்கும் பனிமலை. மலையின் நெற்றியில் வெள்ளையாக ‘வை’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. யாழ்ப்பாணத்தானுக்கு மலை என்றால் கீரிமலை. அதுவும் மலையில்லை, கேணி. முதல் நாள் அந்த மலையைப் பார்த்தபடி நடந்து ஒரு விளக்குக் கம்பத்தில் மோதினேன்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரை ஒரு மண்டபத்தில் இருத்துவார்கள். ஒரு படம் காட்டி, சில வார்த்தை பேசி, கடைசியில், “ஊழியர்கள் இந்தக் கதவால், குடும்பத்தார் அந்தக் கதவால்” என்பார்கள். அவ்வளவுதான். இனிக் கடிதம், வருடத்தில் நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் தொலைபேசி. மண்டபம் முழுவதும் மூக்குறிஞ்சும் சத்தம். என்னைக் கொண்டுவந்து விட யாரும் வரவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கதவை நோக்கிப் போனபோது, முன்பின் தெரியாத ஒரு பெரிய உருவ அம்மா குறுக்கே வந்து நின்றார். “உன்னோடு யாரும் வரவில்லையா?” என்று கேட்டுக்கொண்டே, தன் மகனைக் கட்டிப்பிடித்த அதே ஈரத்தோடு என்னையும் கட்டிப்பிடித்தார். அவருடைய கோட்டில் மாட்டுத் தொழுவ வாசம். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே போனதும் கறுப்புப் பெயர்ப் பட்டை தந்தார்கள். அங்கே யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடும்பப் பெயர்தான், முன்னால் ‘எல்டர்’. மூப்பர் என்று பொருள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவின் பெயரோ நல்லூரானின் பெயர்களில் ஒன்று. ஆக, கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லப் புறப்பட்ட நான், நெஞ்சில் முருகன் பெயரைக் குத்திக்கொண்டு, இரண்டு வருடம் “மூப்பர் முருகன்” என்ற கணக்கில் திரிந்தேன். அப்பாவுக்கு எழுதினேன். அவரிடமிருந்து வந்த முதல் கடிதத்தில், வழக்கமான நலவிசாரிப்புக்குக் கீழே ஒரே வரி: “பட்டையைத் தொலைத்துவிடாதே.”

புதிதாக வந்தவர்களுக்குப் பட்டையில் செம்மஞ்சள் நிறத்தில் வட்டமான ஒட்டுத்தாளும் உண்டு. அதைக் கண்டவுடன் வழியில் போகிறவர்கள் எல்லோரும் கைகொடுத்து வரவேற்பார்கள். நம் விடுதியில் புதுப் பொடியன்களுக்கு நடந்த ‘வரவேற்பை’ அறிந்த எனக்கு முதல் நாள் முழுவதும் அடிவயிறு கலங்கியே இருந்தது. யாரோ கைநீட்டியபோதெல்லாம் குனிந்தேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளியைப் போடுவார்கள். குளியலறை தவிர வேறெங்கும் தனியே போகக் கூடாது. என் கூட்டாளி ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகன். தொழுவ வாசத்து அம்மாவின் பிள்ளை அவன்தான் என்று அன்றிரவுதான் தெரிந்தது. காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு, இடையில் வகுப்பு, வகுப்பு, மேலும் வகுப்பு. சாப்பாட்டு மண்டபத்தில் ஐஸ்கிரீம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு செத்தல் மிளகாய்க்கு வழியில்லை. சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆசிரியர்கள் கொரியாவில் ஊழியம் முடித்துத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். முதல் நாளே எழுத்துத் தொடங்கியது. 1443 இல் சேஜோங் மன்னர் ஆக்குவித்த எழுத்து. உயிரும் மெய்யும் கூடி ஒரு கட்டமாக நிற்கும். கொரியர்கள் உயிரெழுத்தைத் தாய் ஒலி என்றும் மெய்யெழுத்தைப் பிள்ளை ஒலி என்றும் சொல்வார்களாம். நாம் உயிர், மெய் என்கிறோம். ஐடஹோக்காரன் ஒரு எழுத்தைக் காட்டி, “இது ‘கே’யா, ‘ஜி’யா?” என்று கேட்டான். “சொல்லின் முதலில் வந்தால் வல்லோசை, மூக்கொலிக்குப் பிறகும் இரண்டு உயிருக்கு நடுவிலும் வந்தால் மெல்லோசை” என்றார் ஆசிரியர். வகுப்பு முழுவதும் தலையைச் சொறிந்தது. எனக்கோ இதில் சொறிய என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. கடலில் வரும் ‘க’ ஒரு மாதிரி, சங்கில் வரும் ‘க’ வேறு மாதிரி, எழுத்து ஒன்றுதானே!

மூன்றாம் நாள் கரும்பலகையில் ஒரு நீண்ட வாக்கியம். ‘நேற்றுக் கடையில் வாங்கிய அப்பிளைத் தம்பி சாப்பிட்டுவிட்டான்’ என்பதைப் போன்றது. ஆசிரியர் சொல் சொல்லாகப் பிரித்தார். பெயருக்கு முன்னால் வரும் ‘வாங்கிய’, பெயரின் வாலில் ஒட்டும் உருபு, கடைசியில் வினை, அந்த வினைக்கும் பின்னால் ஒரு துணைவினை. அமெரிக்கப் பொடியன்கள் கணக்குப் பாடம் போலக் கோடு கோடாக அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு குளிர்ந்தது. இது பெயரெச்சம். இது இரண்டாம் வேற்றுமை. இது வினையெச்சத்தோடு துணைவினை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று சொல்லத் தெரியாமல் ஒரு பாடவேளை முழுவதும் வாங்கில் ஏறி நின்றவன் நான். “இதெல்லாம் எதற்கு உதவும், சேர்?” என்று அன்று துணிந்து கேட்டதற்கு பண்டிதர் ஐயா பிரம்பை மேசையில் வைத்துவிட்டு, “உனக்கு உதவாது, தம்பி. இறங்கு” என்றார். அவர் சொன்னதில் பிழையாகிப் போனது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கொரியர்கள் ‘சுவைத்துப் பாருங்கள்’ என்பதற்கு ‘மொகொ போசேயோ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘சாப்பிட்டுப் பாருங்கள்’. கதவைத் திறந்துவிடச் சொல்வது ‘திறந்து தாருங்கள்’. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் நம் ‘என்று’ நிற்கும் அதே இடத்தில் அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. என் ஒரே தாயையும் ‘எங்கள் அம்மா’ என்றுதான் நாம் சொல்வோம். அவர்களும் ‘உரி ஒம்மா’, எங்கள் அம்மா என்பார்கள். அது எப்படி ஒருவனுக்குரிய தாய் எல்லோருக்கும் தாயாவாள் என்று ஐடஹோக்காரன் இரண்டு நாள் மல்லுக்கட்டினான்.

வினை கடைசியில் வருவதைப் புரிந்துகொள்ள அவனுக்கு நான்தான் வழி சொன்னேன். “எங்கள் ஊர்க் கோயில் திருவிழா மாதிரி நினைத்துக்கொள். மேளம், குடை, தீவட்டி எல்லாம் முன்னால் போகும். சுவாமி கடைசியில்தான் வருவார். அவர் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நில்.” அவன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அந்தக் கட்டடத்துக்குள் முருகனின் தேர் நுழைந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டு எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது யப்பானிய மொழியிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு, சிங்களத்திலும்தான் உண்டு. உறவில்லாத வீட்டிலும் அடுப்படி ஒரே மூலையில் இருக்கலாம்.

என் கெட்டித்தனம் ஒரு கிழமைதான் நின்றது. சந்திரனுக்கு ஒரு சொல், முகமூடிக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதினால் ‘தல்’, ‘தல்’, ‘தல்’. ஒன்று மெதுவாக, ஒன்று மூச்சோடு, ஒன்று தொண்டையை இறுக்கி. ஆசிரியர் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து, மூச்சொலிக்குத் தாள் ஆட வேண்டும் என்றார். ஐடஹோக்காரன் சொன்னபோது தாள் பட்டம்போலப் பறந்தது. நான் சொன்னால் அசையவே இல்லை. “என் சந்திரன் படிக்கிறாள்” என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். செபமும் இடறியது. கொரிய மொழியில் கடவுளிடம் உச்ச மரியாதையில் பேச வேண்டும். தேவாரத்தில் சிவனை ‘நீ’ என்றும் ‘உன்னை’ என்றும் கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு, கடவுளை அதிபரிடம் பேசுவது போல மரியாதையாகக் கூப்பிட நா வரவில்லை.

ஒரு மாலை, கிம் ஹோ ஜிக் என்பவரைப் பற்றி ஆசிரியர் சொன்னார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த கொரியர். 1951 இல் சஸ்குவஹானா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்று, ஊருக்குத் திரும்பிக் கல்வித் துணை அமைச்சரானவர். இந்தச் சபையின் ஊழியர்கள் கொரியாவுக்குப் போனது 1956 இல். மற்றவர்கள் பக்தியோடு குறித்துக்கொண்டார்கள். படிக்க வந்த நாட்டில் மதம் மாறிய பிள்ளையின் கடிதத்தை அவருடைய தாய் எப்படிப் படித்திருப்பாள் என்றே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு விதி: ‘உன் மொழியில் பேசு’. உன் மொழி என்றால் ஊழியத்துக்குரிய மொழி. ஸ்பானிஷ்காரன் ஸ்பானிஷில், நாங்கள் கொரிய மொழியில். சுவரில் அந்த வாசகத்தைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வரும். அவ்வளவு மொழிகள் படிப்பித்த அந்த இடத்தில் என் மொழியைப் பேச ஒருவரும் இல்லை.

அம்மாவின் கடிதம் இரண்டாம் கிழமை வந்தது. பனியில் காது மூடித் திரி, சட்டைக் கொலருக்கு அதிகம் கஞ்சி போடாதே என்று இரண்டு பக்கம். சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை ஐடஹோக்காரன் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பொறாமை.

“இரண்டே கிழமையில் தூக்கத்திலும் கொரிய மொழி பேசத் தொடங்கிவிட்டாய்” என்றான்.

“நானா? என்ன சொன்னேன்?”

“தெளிவாகக் கேட்டேன். ஒம்மா, ஒம்மா என்று கூப்பிட்டாய்.”

நான் அவனைத் திருத்தவில்லை. அன்று வகுப்பில் அவன் அதை ஆசிரியரிடமும் சொன்னான்.